டெக்சாஸில் பள்ளி ஃபுட்பால் கோச் ஆவதற்கும் நிலைப்பதற்கும் ஒரு வழிகாட்டி

டாலஸ் நகரைச் சுற்றியுள்ள பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளி வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது "நான் ஃபுட்பால் கோச் ஆகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீட்டில் எத்தகைய அமைதி நிலவும் என்பதை நான் இரண்டு வீடுகளில் நேரில் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் அவனுடைய பெற்றோருக்கும், கணிதமோ அறிவியலோ கற்பிக்க இங்கு வந்து மாலை நேரங்களில் மைதானத்தின் பக்கம் கால் இழுக்கப்படும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். நான் அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவன். கணித ஆசிரியனாகச் சேர்ந்து, காணொளிப் பிரிவில் உதவப் போய், துணைப் பயிற்சியாளனாகச் சில பருவங்களைக் கழித்தவன்.

இங்கே ஃபுட்பால் என்பது நம்முடைய கால்பந்து அன்று. அதை இவர்கள் சாக்கர் என்பார்கள். இது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, நூறு கெஜக் களத்தில் பதினொருவர் அணிகள் இரண்டு மோதும் ஆட்டம். பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முன்னேறினால் மீண்டும் நான்கு, தவறினால் பந்து எதிரணிக்கு. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது யாவும் விளங்கும்.

ஆசிரியர் வேலை முதலில்

டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யு.ஐ.எல். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அமைப்பு. அதன் விதிப்படி பள்ளிப் பயிற்சியாளர் அந்தக் கல்வி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்பதே பொது நடைமுறை. ஆகவே, விளையாட்டில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளி முதல்வர் முதலில் கேட்கும் கேள்வி "எந்தப் பாடம் நடத்துவீர்கள்?" என்பதுதான். பட்டப்படிப்பு, ஆசிரியர் பயிற்சித் திட்டம், பாடத்துக்கான தேர்வு, கற்பித்தல் முறைக்கான தேர்வு, கைரேகைச் சோதனை ஆகியவற்றை முடித்துச் சான்றிதழ் பெறுவதே இந்தப் பாதையில் அடியெடுத்து வைக்கும் வழக்கமான முறை.

இங்கே என் உறுதியான கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோச் ஆக விரும்பும் இளைஞர்களில் பெரும்பாலோர் சமூக அறிவியலையோ உடற்கல்வியையோ தேர்ந்தெடுக்கிறார்கள். வரலாற்று ஆசிரியர் என்றாலே கோச்தான் என்று மாணவர்கள் கேலி பேசும் அளவுக்கு அந்த வரிசை நீண்டிருக்கிறது. கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றில் சான்றிதழ் வைத்திருப்பவரைத் தேடித் தலைமைப் பயிற்சியாளர்களே தொலைபேசியில் அழைக்கிறார்கள், ஏனெனில் அந்த ஆசிரியர் இடங்களை நிரப்ப முடியாமல் முதல்வர்கள் திணறுகிறார்கள். பிள்ளை கணிதம் படிக்க வேண்டும் என்ற பெற்றோரின் பிடிவாதமும் கோச் ஆக வேண்டும் என்ற பிள்ளையின் பிடிவாதமும் அபூர்வமாக ஒரே இடத்தில் சந்திக்கும் புள்ளி இது.

இந்த மரபு பழையது. பிற்காலத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளராகப் புகழின் உச்சிக்குச் சென்ற வின்ஸ் லம்பார்டி, 1939 முதல் 1947 வரை நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் ஊரில் செயின்ட் செசிலியா என்ற கத்தோலிக்கப் பள்ளியில் இருந்தார். லத்தீன், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றையும் கற்பித்துக்கொண்டே ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பயிற்றுவித்தார்.

சான்றிதழோடு வேறு சில தாள்களும் தேவைப்படும். முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சி, தலைக்காயம் பற்றிய பயிற்சி ஆகியன கட்டாயம். சிறிய ஊர்களில் வேலை தேடுவோர் பேருந்து ஓட்டும் வணிக உரிமத்தையும் எடுத்து வைத்திருப்பது நல்லது. வெளியூர் ஆட்டத்துக்கு அணியை ஏற்றிச் செல்லும் மஞ்சள் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் பல இடங்களில் துணைப் பயிற்சியாளரே அமர்ந்திருப்பார்.

முதல் ஐந்தாண்டுகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பதில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பு அணி, ஜே.வி. எனப்படும் இரண்டாம் அணி, வர்சிட்டி எனப்படும் முதல் அணியில் ஏதேனும் ஓர் இடத்துக்கான பயிற்சியாளர், அதன்பின் ஆஃபென்ஸ் எனப்படும் தாக்கும் பிரிவு அல்லது டிஃபென்ஸ் எனப்படும் தடுக்கும் பிரிவு முழுவதற்கும் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர், இறுதியாகத் தலைமைப் பயிற்சியாளர் என்று படிகள் ஏறும். ஏழாம் வகுப்பைத் தண்டனையாக நினைப்பவர்கள் தவறு செய்கிறார்கள். இடுப்புப் பட்டை எங்கே கட்டுவது என்று தெரியாத பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, தலையை ஒதுக்கித் தோளால் எதிராளியைப் பிடிக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுத் தர முடிந்தவருக்குப் பதினேழு வயது வீரனுக்குக் கற்பிப்பது எளிது.

தொடக்கநிலையில் உங்களுக்குத் தரப்படும் வேலைகள் பெருமைக்குரியவையாகத் தோன்றா. துவைத்த உடைகளை எண்ணி அடுக்குவது, தண்ணீர்ப் பீப்பாய்களை நிரப்புவது, தலைக்கவசங்களைப் பொருத்திப் பார்ப்பது ஆகியவை அவை. இவற்றில் கடைசியை மட்டும் எவரிடமும் தள்ளிவிடாதீர்கள். கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் நிற்க வேண்டும். கன்னத் திண்டுகள் இரு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். முகக் கம்பியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் கவசம் தனியாகச் சுழலாமல் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பையன் முடி வெட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் பொருத்த வேண்டும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பருவம் முடிந்ததும் கவசங்கள் பரிசோதனைக்கும் மறுசான்றிதழுக்கும் அனுப்பப்படும். பத்தாண்டு கடந்தவற்றை அந்த நிறுவனங்கள் திரும்ப ஏற்பதில்லை. அதனால் ஒவ்வொரு கவசத்துக்கும் தயாரிப்பு ஆண்டு எழுதிய பட்டியல் ஒன்று உங்கள் கைவசம் இருக்கட்டும்.

வாரம் எப்படிக் கழியும்

ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சி தொடங்கி, இறுதிவரை வெல்லும் அணிக்கு டிசம்பரில் பருவம் முடியும். மற்றவர்களுக்கு நவம்பரிலேயே முடிந்துவிடும். பதினொரு வாரத்தில் பத்து ஆட்டங்கள் என்பது வழக்கமான அட்டவணை. வெள்ளி இரவு ஆட்டம். சனிக்கிழமைக் காலை காயங்களைப் பார்த்து, முந்தைய இரவின் காணொளியை வீரர்களுடன் உட்கார்ந்து காண்பது. ஞாயிறு பிற்பகல் பயிற்சியாளர்கள் மட்டும் கூடி அடுத்த எதிரணியை ஆராய்வது. திங்கள் மெதுவாகத் தொடங்கி, செவ்வாயும் புதனும் கடுமையான பயிற்சி. வியாழனன்று முதல் அணிக்கு இலகுவான ஒத்திகை, இளைய அணிகளுக்கு ஆட்டம். இதற்கிடையே ஐந்து நாளும் முதல் மணியடிக்கும் நேரத்துக்கு நீங்கள் வகுப்பில் நின்றாக வேண்டும். பருவம் நடக்கையில் வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கிறேன். ஆசிரியச் சம்பளத்துக்கு மேல் துணைப் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் சில ஆயிரம் டாலர் படித்தொகையை அந்த மணிகளால் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். கணித ஆசிரியனாக இருந்தும் அந்தக் கணக்கை மறுபடி போடவில்லை. பெரிய மாவட்டங்களின் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெறுவது உண்மைதான். அந்த நாற்காலிகள் மிகச் சில.

ஞாயிறு வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்தத் தொழிலின் மூளை எங்கே இருக்கிறது என்பது புரியும். எதிரணியின் கடந்த மூன்று ஆட்டங்களின் காணொளியை ஹடல் போன்ற மென்பொருளில் ஏற்றி, ஒவ்வோர் ஆட்டத்துணுக்குக்கும் குறிப்பு எழுத வேண்டும்: எத்தனையாவது வாய்ப்பு, இன்னும் எத்தனை கெஜம் தேவை, பந்து இடப்பக்கக் குறிக்கோட்டில் இருந்ததா வலப்பக்கத்திலா, வீரர்கள் எவ்வாறு அணிவகுத்தார்கள், ஓடினார்களா எறிந்தார்களா, எந்தத் திசை, எத்தனை கெஜம் கிடைத்தது. இப்படி இருநூறு துணுக்குகளைப் பதிந்த பிறகு, "மூன்றாம் வாய்ப்பில் ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்படும்போது, வலப்பக்கம் மூவரை நிறுத்தினால் இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால் பட்டியல் விடை தரும்.

என் முதல் பருவத்தில் நான் இடத்தையும் வலத்தையும் தடுக்கும் அணியின் பார்வையில் குறித்துவிட்டேன். மரபுப்படி தாக்கும் அணியின் பார்வையில் குறிக்க வேண்டும். செவ்வாயும் புதனும் எங்கள் பையன்கள் தவறான பக்கத்தைக் காத்துப் பழகினார்கள். வியாழன் ஒத்திகையின்போது லைன்பேக்கர் எனப்படும் தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஓர் இளம் வீரன்தான், தொலைபேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, "கோச், இவர்கள் மறுபக்கம் ஓடுகிறார்களே" என்றான். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி, தலைப்புகளை அடித்து மாற்றி எழுதி, அந்தப் பையனின் பெயரைச் சொல்லிப் பாராட்டிவிட்டு, ஒத்திகையை முதலிலிருந்து தொடங்கினார். அன்று முதல் தாளின் உச்சியில் "தாக்குவோர் கண்ணால்" என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள்.

எந்த ஆட்டமுறை

புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற முறைதான் முறை. கல்லூரி அணி வேண்டிய வீரரைத் தேடிப் பிடிக்கலாம். பள்ளி அணிக்கு அந்தப் பள்ளி எல்லைக்குள் வசிப்பவர்களே வருவார்கள். வேகமாக எறியத் தெரிந்த குவாட்டர்பேக் இவ்வாண்டு இருப்பான், அடுத்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விடுவான்.

ஆயினும் வழக்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவர்களைப் படிப்பது நல்லது. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் புலாஸ்கி அகாடமி பள்ளியின் கெவின் கெல்லி, நான்காம் வாய்ப்பில் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடும் பண்ட் என்ற நெடுநாள் வழக்கத்தை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டார். நான்கு வாய்ப்பு கொடுத்திருக்க மூன்றை மட்டும் பயன்படுத்துவானேன் என்பது அவருடைய வாதம். 2003 முதல் 2020 வரை ஒன்பது மாநிலப் பட்டங்களை அவர் வென்றார். 2021இல் அவர் தென் கரோலினாவின் பிரெஸ்பிடீரியன் கல்லூரிக்குச் சென்றபோது அந்தப் பருவம் இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி என முடிந்தது, ஓராண்டிலேயே விலகினார். கணக்கு அதே கணக்குத்தான், ஆனால் பிள்ளைகள் வேறு, எதிராளிகள் வேறு.

மிகச் சிறிய பள்ளியில் வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களில் பதினொருவர் சேராத காரணத்தால் அறுவர் ஆட்டம் நடக்கிறது; 1934இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர் வகுத்த வடிவம் அது. களம் எண்பது கெஜம், முன்னேற வேண்டியது பதினைந்து கெஜம், ஆறு பேரில் எவரும் பந்தைப் பிடிக்கலாம். அரைப் பொழுதிலோ அதன் பின்னரோ நாற்பத்தைந்து புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். அங்கே இரண்டே பயிற்சியாளர்கள் இருப்பதால், பெரிய பள்ளியில் பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கும் பொறுப்புகள் இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் கைக்கு வரும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்கள்

ஆகஸ்ட் வெயில் டெக்சாஸில் ஆளைக் கொல்லும் வெயில், நான் மிகைப்படுத்தவில்லை. உடல் வெப்பத்துக்குப் பழகும்வரை முதல் சில நாள்களில் முழுக் கவசம் அணிவிக்கக் கூடாது. பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டி களத்தருகே தயாராக இருக்க வேண்டும். வெப்பத்தாக்கால் ஒருவன் தடுமாறினால் முதலில் குளிரூட்ட வேண்டும், அதன்பிறகே மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிழலில் கிடத்திக் காத்திருப்பது உயிரிழப்பில் முடியலாம்.

தலையில் அடி விஷயத்தில் சட்டமே பயிற்சியாளரின் கையைக் கட்டிவைத்திருக்கிறது; அது நல்லதுதான். வாஷிங்டன் மாநிலம் 2009இல் வழிகாட்ட, 2011இல் டெக்சாஸ் இயற்றிய சட்டத்தின்படி, மூளை அதிர்ச்சி ஐயம் எழுந்த மாணவன் உடனடியாக வெளியேற்றப்பட வேண்டும். மருத்துவரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் திரும்ப முடியாது. திரும்பலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லவே இல்லை. பையன் "எனக்கு ஒன்றுமில்லை, கோச்" என்று கெஞ்சுவான், அவனுடைய தந்தை வேலியோரம் வந்து நிற்பார். "இது என் முடிவு இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

மூன்றாவது, மதிப்பெண். தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமை தாங்கிய குழுவின் பரிந்துரையின் பேரில் 1984இல் வந்த கல்விச் சீர்திருத்தம், பாடத்தில் தேறாத மாணவன் ஆடக் கூடாது என்று விதித்தது. எழுபதுக்குக் கீழே போனால் உட்கார வேண்டியதுதான். சக ஆசிரியரிடம் போய், "அந்த அறுபத்தெட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்று கேட்கும் கோச்சுகள் உண்டு. நான் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அப்படிக் கேட்பவருடைய பெயர் ஆசிரியர் அறையில் அன்றே முடிந்துவிடும். நான்காம் வாரத்திலேயே மதிப்பெண் பட்டியலை வாங்கி, பயிற்சிக்கு முன் அரைமணி நேரம் பாடம் நடத்துங்கள்.

பெற்றோரும் ஊரும்

ஒஹாயோ மாநிலத்தின் மாசிலன் நகரில் ஆண் குழந்தை பிறந்தால் மருத்துவமனையிலேயே தொட்டிலில் சிறிய பந்து ஒன்றை வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்த ஊர்ப் பள்ளி அணியை 1932 முதல் 1940 வரை பயிற்றுவித்த பால் பிரவுன் எண்பது ஆட்டங்களை வென்று எட்டில் மட்டுமே தோற்றார். பின்பு தொழில்முறை ஃபுட்பாலில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கே அவர் பெயர் அமைந்தது. இத்தகைய ஊர்களில் கோச் என்பது வேலையின் பெயராக மட்டும் இருப்பதில்லை. வட சென்னையில் குத்துச்சண்டை கற்றுத் தருபவரை எல்லோரும் "வாத்தியார்" என்று அழைப்பதுபோல, மளிகைக் கடையிலும் வங்கியிலும் பல் மருத்துவரின் நாற்காலியிலும் நீங்கள் "கோச்"தான். உங்கள் பெயர் பலருக்குத் தெரியாமலே போகும். தோற்ற வாரத்தில் அதே மரியாதை எதிர்ப்பக்கம் திரும்பும்.

பருவம் தொடங்குமுன் பெற்றோரைக் கூட்டி, உடல்நலம், படிப்பு, நடத்தை பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றும், எவன் எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்பதைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்றும், ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணி நேரம் கழியும்வரை எந்த விவாதமும் இல்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நிதி திரட்டும் பூஸ்டர் கிளப் பணத்தை நீங்கள் தொடவே கூடாது. காசோலையில் கையெழுத்திடும் இடத்திலிருந்து எட்டவே நில்லுங்கள்.

தங்குவதா, நகர்வதா

மேலே செல்ல விரும்புபவர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற நேரிடும். துணைவரின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஒவ்வொரு முறையும் பிடுங்கி நடப்படும். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவரைச் சார்ந்த துணைப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் வேலை தேட வேண்டும். இவ்வளவும் தெரிந்தபின் மனைவியோடோ கணவரோடோ உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வேலை கைக்கு வந்தபின் பேசினால் அது பேச்சாக இருக்காது.

ஒரே இடத்தில் வேரூன்றியவர்களும் இருக்கிறார்கள். தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியில் ஜான் மெக்கிசிக் 1952 முதல் 2014 வரை இருந்து 621 வெற்றிகளைக் கண்டார். கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் டி லா சால் பள்ளியில் 1979இல் சேர்ந்த பாப் லடுசர் சமயக் கல்வி ஆசிரியர். அவர் வரும்வரை அந்தப் பள்ளி தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமான ஒரு பருவத்தைக்கூடக் கண்டதில்லை. 1992இல் தொடங்கி 2004 வரை அவருடைய அணி தொடர்ந்து 151 ஆட்டங்களை வென்றது. அங்கே ஒவ்வொரு வீரனும் தன் வாக்குறுதியை அட்டையில் எழுதி, மற்றவர்கள் முன் படித்து, தோழன் ஒருவனிடம் ஒப்படைப்பான்: இந்த வாரம் எத்தனை எடை தூக்குவேன், ஆட்டத்தில் என்ன செய்வேன் என்று. செலவில்லாத இந்தப் பழக்கத்தை எந்தப் பள்ளியிலும் தொடங்கலாம். நாங்களும் தொடங்கினோம், முதல் மாதம் பையன்கள் கூச்சத்தில் முணுமுணுத்தார்கள், அதன்பின் சரியாகிவிட்டது. லடுசரின் கதையில் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அந்த வெற்றித் தொடரின் நடுவிலேயே, 1998ஆம் ஆண்டுப் பருவம் முடிந்த கையோடு, அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும் நாளை ஆட்ட அட்டவணையிலேயே எழுதி வையுங்கள்.

விலகும் நாள் வரும்போது, நீங்களாக விலகினாலும் விலக்கப்பட்டாலும், அடுத்து வருபவருக்காக மூன்று பொருள்களை ஒழுங்கு செய்து மேசைமேல் வையுங்கள். தயாரிப்பு ஆண்டுடன் கூடிய கவசப் பட்டியல், காணொளிக் கணக்கின் கடவுச்சொல், கல்லூரிகள் விசாரித்திருக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவையே அவை. சாவிக் கொத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் தொலைந்த சாவிக்கான கட்டணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.